நாசரேத்துக்கு இருபத்தைந்து மைல்

அத்தியாயம் 11

போன வாரம் டிரில் மாஸ்டர் ஜெயசிங்கை ஹார்பர் ரோட்டில், உப்பளத்து ஓரமாக மல்லாக்கக் கிடத்திவிட்டு வந்தோம். பதற வேண்டாம், மனுஷன் எழுந்துவிட்டார். உப்பு வாரும் பெண்கள் இரண்டு பேர் முகத்தில் தண்ணீர் அடித்து, உப்பு லாரியில் ஏற்றி, டூவிபுரத்தில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். இறங்கியவர் சொன்ன முதல் வார்த்தை, "வெயில்." இரண்டாவது, "யார்ட்டயும் சொல்லாத."

காலை ஆறரை மணிக்கு என்ன வெயில் என்று அவர் மனைவி ஞானபாய் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்காமல் விழுங்கியே இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திவிட்டாள் அவள்.

அது திங்கட்கிழமை. இன்று வியாழன். வருகிற ஞாயிறு ஜெயசிங்குக்கு ஐம்பது நிறைகிறது.

மற்ற வீடுகளில் ஐம்பது வயது என்றால் மூக்குக் கண்ணாடி, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். இந்த வீட்டு ஆண்கள் ஐம்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா நாற்பத்தாறில், வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சரிந்தார். அண்ணன் பொன்னுதுரை நாற்பத்திரண்டில். இரண்டு பேருக்கும் இருதயம். நாசரேத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் காலையில் ஜெயசிங் கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். இந்தத் திங்கட்கிழமை வரைக்கும், பத்தொன்பது வருஷம் அந்த ஓட்டம் நிற்கவில்லை. மழைக்கு நிற்கவில்லை, புயலுக்கு நிற்கவில்லை, மாமியார் செத்த அன்றைக்கும் நிற்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் ஞானபாய் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிறு அதிகாலை தூத்துக்குடியிலிருந்து நாசரேத்துக்கு இருபத்தைந்து மைலும் ஓடிப்போய், அப்பா கல்லறைக்கும் அண்ணன் கல்லறைக்கும் முன்னால் ஐம்பது வயது ஆளாக நிற்க வேண்டும். இது பத்தொன்பது வருஷத்துச் சபதம். கோயிலில் அறிவித்தாகிவிட்டது. பழைய மாணவர்கள் ஏழு பேர் சைக்கிளில் கூட வருகிறார்கள். நாசரேத்தில் அண்ணி கிளாடிஸ் பந்திக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இனி அதை நிறுத்துவது கல்யாணத்தை நிறுத்துவது மாதிரி.

அந்த வீட்டில் காலை ஜெபத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு.

ஜெயசிங் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார். வலது கையில் பள்ளிக்கூடத்து ஸ்டாப் வாட்ச். ஞானபாய் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடியை எண்ணுவாள். ஒரு நிமிஷம் ஆனதும் அவர் 'டக்'கென்று அமுக்குவார், அவள் எண்ணைச் சொல்லுவாள், சபைக் காலண்டரில் அந்தத் தேதிக்கட்டத்தில் அதை எழுதிவிட்டுத்தான் வேதப்புத்தகத்தை எடுப்பார்கள். தன் நாடியைத் தானே பிடிக்க மாட்டார் மனுஷன். "ஓடுதவனே அம்பயரா நிக்கக் கூடாது" என்பது அவர் கட்சி. உலகத்தில் அவர் நம்புகிற ஒரே நடுவர் ஞானபாயின் விரல்தான்.

ஆரம்பத்தில் எழுபத்துநாலு. ஐந்து வருஷத்தில் அறுபது. பிறகு ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்துநாலு. நாடி இறங்க இறங்க மனுஷனுக்குத் தலை நிமிர்ந்தது. ஒரே மகள் ஜெபசெல்வி நர்ஸ் படிப்பு முடித்து வந்து, "ஓட்டக்காரங்களுக்கு இருதயம் பெருசா, பலமா இருக்கும்மா. நாடி மெதுவாத்தான் அடிக்கும். புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்று சொன்னாள். அந்த ஒரு வரியை ஜெயசிங் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் சொன்னார், ஆசிரியர் அறையில் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இந்த ஜூன் மாதம் ஒரு நாள் நாடி நாற்பதுக்குக் கீழே வந்தது. முப்பத்தாறு. அந்த ஞாயிறே கோயிலில் ஸ்தோத்திர காணிக்கை போட்டார்கள். பாதிரி ஐயர், பரீட்சையில் தேறிய ஒரு பையனுக்கும் சுகப்பிரசவம் ஆன ஒரு பெண்ணுக்கும் நடுவில், "சகோதரர் ஜெயசிங் அவர்களின் நாடி நாற்பதுக்குக் கீழே வந்த கிருபைக்காக" என்று வாசித்தார். சபையே திரும்பிப் பார்த்தது. ஞானபாய்க்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்வானேன், பெருமைதான் அதிகம்.

இன்று காலையும் விரலை வைத்தாள்.

"எவ்வளவு?" என்றார் ஜெயசிங்.

"முப்பத்தாறு."

"பாத்தியா. கீழ விழுந்தவன் நாடியா இது? மூணு நாளா ஓடக்கூட இல்ல. கடிகாரம் மாதிரி நிக்குது."

ஞானபாய் காலண்டரில் எழுதினாள். எழுதும்போது அவர் பாதத்தைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்த இடம் குழியாக இருந்தது. தண்ணீர் கோத்த கால். நேற்றும் பார்த்தாள், முந்தாநாளும் பார்த்தாள்.

ஜெபசெல்வி லீவு போட்டு வந்திருந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை, அப்பா விழுந்த செய்தி கேட்டதும் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். டாக்டரிடம் போவோம் என்றால் அப்பா வர மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேறு வழியில் வந்தாள்.

"அப்பா, இருபத்தஞ்சு மைல் ஓடுதீங்க. டாக்டர் கையெழுத்துல ஒரு சர்ட்டிபிகேட் இருந்தா, அதைச் சட்டம் போட்டு ஸ்கூல்ல மாட்டலாம்லா?"

ஜெயசிங்குக்கு அது பிடித்துப் போயிற்று. "வேதமணி டாக்டர்ட்ட போவோம். அவருக்குத்தான் என்னைய பத்தித் தெரியும்" என்று சலவைச் சட்டையை எடுத்துப் போட்டார். புறப்படும்போது ஜெபசெல்வி சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிச் சுருட்டி அம்மா கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் ஞானபாய்.

"இருக்கட்டும்மா" என்றாள் மகள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வேதமணி சாத்தான்குளத்துக்காரர். அறுபது தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். ஜெயசிங்கைப் படுக்க வைத்து, நெஞ்சிலும் கையிலும் காலிலும் வயரை மாட்டி இ.சி.ஜி. எடுத்தார். நீளமாக வந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு, "மாஸ்டர், அந்த மாடிப்படியில நாலு தடவ ஏறி இறங்குங்க, மெதுவாப் போதும், தலை சுத்துனா உடனே உக்காந்துருங்க" என்று சொல்லி, கம்பவுண்டர் இசக்கியப்பனைக் கூடவே அனுப்பினார்.

மெதுவாகவா? ஜெயசிங்குக்கு அது பந்தயம். இசக்கியப்பன் மூச்சிரைக்கப் பின்னால் போக, இவர் நாலு தடவையும் ஏறி இறங்கிவிட்டு வந்து கையை நீட்டினார். இசக்கியப்பன் எண்ணினான்.

"முப்பத்தாறு டாக்டர்" என்றான்.

"கேட்டீங்களா?" ஜெயசிங் வெளியே காத்திருந்த நோயாளிகள் பக்கம் திரும்பினார். "படி ஏறி இறங்கியும் முப்பத்தாறு. ஒண்ணு கூட ஏறல. இங்கன இருக்கவங்கள்ல யாருக்காவது உண்டுமா?"

யாருக்கும் இல்லை. ஒரு வயதான அம்மா, "நல்லா இருக்கட்டும்யா" என்று சொன்னாள்.

டாக்டர் அவர் தோளில் கையை வைத்தார். "மாஸ்டர், ஒரு மாசம் ஓட்டத்தை நிறுத்துங்க. நடக்கதும் கம்மியாத்தான். நாக்குக்கு அடியில வைக்க மாத்திரை தாரேன்."

"தாராளமா நிறுத்திருவோம் டாக்டர். திங்கக்கிழமையில இருந்து."

"இன்னையில இருந்து."

ஜெயசிங் சிரித்தார். "டாக்டர்மாரு எல்லாரும் இப்படித்தான். ஓடுதவன் ஒருத்தனைக் கண்டா உங்களுக்கு ஆகாது. சரி, ஸ்கூல்ல பெல் அடிச்சிருப்பான், நான் முன்னால போறேன். சர்ட்டிபிகேட்டை அவங்ககிட்ட குடுத்து விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். டாக்டர் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவைச் சாத்திவிட்டு, ஞானபாயையும் ஜெபசெல்வியையும் உட்காரச் சொன்னார்.

ஜெபசெல்வி இ.சி.ஜி. தாளைக் கையில் எடுத்தாள். பார்த்த உடனேயே அவள் உதடு வெளுத்தது. அம்மா அதைக் கவனித்தாள்.

"அந்தக் காலண்டரைக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

மேஜைமேல் விரித்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏப்ரல்ல நாப்பத்துநாலு, நாப்பத்தாறு, நாப்பத்திரண்டு. மே மாசமும் அப்படித்தான், ஏறுது, இறங்குது. நல்ல ஓட்டக்காரன் நாடி. ஜூன்ல இந்தத் தேதியில முப்பத்தாறு. மறுநாள் முப்பத்தாறு. அதுக்கு மறுநாளும் முப்பத்தாறு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரே எண்." விரல் அங்கேயே நின்றது. "பக்கத்துல சிவப்பு மையில சிலுவை போட்டிருக்கே. என்ன விசேஷம்?"

ஞானபாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அது வந்து டாக்டர்... நாடி நாப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னு கோயில்ல ஸ்தோத்திர காணிக்கை போட்டோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். 

"இருதயத்துல மேல ஒரு வீடு, கீழ ஒரு வீடு இருக்கும்மா. மேல் வீடு சொல்லச் சொல்லக் கீழ் வீடு அடிக்கும். ஓடுனா வேகமா அடின்னு சொல்லும், படுத்தா மெதுவா அடின்னு சொல்லும். உங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சு அறுந்து போச்சு. கீழ் வீடு தன்னால, தனக்குத் தெரிஞ்ச கணக்குல அடிச்சுக்கிட்டு இருக்கு. படி ஏறுனா நாடி ஏறணும். ஏறல. அதைத்தான் அவர் வெளிய எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிட்டுப் போறாரு."

"ஓடுனதால வந்துச்சா டாக்டர்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. ஓட்டம் நல்லதுதான். ஓடி ஓடி அந்த இருதயம் பெருத்து, பலமாகி இருக்கு. நமக்கெல்லாம் ரெண்டு அடியில போற ரத்தம் அவருக்கு ஒரு அடியில போகுது. அதனாலதான் இந்த நாடியை வச்சுக்கிட்டு நடமாடுதாரு. வேற ஆளா இருந்தா ஜூன் மாசமே படுக்கையில விழுந்திருப்பான். விழுந்திருந்தா நீங்க அன்னைக்கே கொண்டுட்டு வந்திருப்பீங்க."

ஜெபசெல்வி அழ ஆரம்பித்தாள். "நான்தான் சொன்னேன் டாக்டர். மெதுவா அடிச்சா நல்லதுன்னு நான்தான் சொன்னேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பாவை ஓடவிட்டு நாடியை எண்ணிப் பாத்திருந்தா..."

டாக்டர் காலண்டரைச் சுருட்டி அவர்கள் பக்கம் தள்ளினார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஞானபாய்க்கு அதுதான் பயமாக இருந்தது.

"வழி?" என்றாள் அவள்.

"நெஞ்சுத் தோலுக்கு அடியில வச்சு, இருதயத்தைத் தட்டித் தட்டி அடிக்க வைக்க ஒரு மெஷின் இருக்கு. சீமையில இருந்து வரணும். வேலூர்ல வைக்காங்க. வரிசையில ஆள் காத்துக் கெடக்கு. நான் கடுதாசி எழுதித் தாரேன். ஆனா மாசக் கணக்கு ஆகும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நிக்காம இருக்கணும்" என்றார் டாக்டர். "திங்கக்கிழமை விழுந்தப்போ நின்னுதான் திரும்ப அடிச்சிருக்கு. அடுத்த தடவை திரும்ப அடிக்குமா, தெரியாது. ஓடவே கூடாது. அதிர்ச்சியான பேச்சும் கூடாது. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில கொண்டு படுக்க வைக்கலாம்தான். வச்சாலும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

வெளியே வந்து மாதாகோயில் பக்கம் வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். கடற்காற்று உப்பும் கருவாடுமாக அடித்தது.

"அப்பாட்ட சொல்லிரணும்மா" என்றாள் ஜெபசெல்வி.

"மாட்டேன்."

"சொல்லாம எப்படி நிப்பாட்டுவ? ஞாயித்துக்கிழமை அவரு ஓடுனா, குரும்பூர் கூடத் தாண்ட மாட்டாரு. தெரியுமா தெரியாதா?"

"உங்க பெரியப்பா எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்றாள் ஞானபாய்.

தெரியும். அந்த வீட்டில் அது தெரியாதவர் இல்லை. பொன்னுதுரையிடம் ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே, உன் இருதயம் கெட்டுப் போச்சு என்று சொன்னார். பொன்னுதுரை வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பெற்ற பிள்ளை வந்து கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார். 'எங்க அண்ணனை இருதயம் கொல்லல. அந்த வார்த்தைதான் கொன்னுச்சு' என்று ஜெயசிங் சொல்லாத நாளில்லை. 'எனக்கு என்ன வந்தாலும் என் காதுல போடாத' என்று வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்து ஞானபாயிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"சத்தியத்தை வச்சு என்ன செய்ய? ஆளு வேணும்மா எனக்கு."

"எனக்கு மட்டும் வேண்டாமா?"

ஜெபசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வேலூரில் தன்னோடு படித்த கூட்டாளி இன்பமணி வேலை பார்க்கிறாள், அவளுக்கு டிரங்க் கால் போட்டு, வரிசையில் முன்னால் இடம் கிடைக்குமா என்று கேட்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போஸ்டாபீஸுக்குப் போனாள். "நீ அப்பாவை ஓட விடாத. என்ன சொல்லுவியோ தெரியாது. ஓட விடாத" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன சொல்வது? வீடு வரைக்கும் ஞானபாய் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். அரிசி களைந்தாள், மீன் கழுவினாள், குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டாள். மூன்று மணி வாக்கில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும், இவ்வளவு எளிசா இருக்கே, இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று இருந்தது. அவருக்கு ஓட்டத்தின் மேல் உள்ள தைரியம் எல்லாம் அந்த எண்ணில்தானே இருக்கிறது? எண்ணை ஏற்றிச் சொல்லிவிட்டால்? பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு எண் கூட மாற்றிச் சொன்னதில்லை. அதனாலேயே நம்புவார். நம்பினால் மனம் தளர்வார், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைத் தள்ளிப் போடுவார். தளர்ந்தால் தளரட்டும், உயிரோடு தளர்ந்து கிடக்கட்டும்.

ஐந்து மணிக்கு ஜெயசிங் வந்தார். கையில் புத்தம்புது கான்வாஸ் ஷூ. பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாம். முகம் முழுக்கச் சிரிப்பு. உதட்டில் மட்டும் லேசாக ஒரு நீலம்.

"ஏளா ஞானம், கால் ரெண்டும் சும்மா கெடந்து துருதுருங்குது. ரோச் பார்க் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடி, இதைப் பழக்கிட்டு வாரேன். புது ஷூவோட இருபத்தஞ்சு மைல் போனா கடிச்சிரும்."

"முதல்ல நாடி பாப்போம்" என்றாள் ஞானபாய்.

"சாயங்காலத்துலயா?"

"மூணு நாளாச்சு ஓடி. பாத்துட்டுப் போங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். ஸ்டாப் வாட்சை அமுக்கினார். ஞானபாய் விரலை வைத்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், வந்தது. அப்புறம் மறுபடியும் காத்திருந்தாள். இத்தனை மாதமாக இந்த இடைவெளிக்குத்தான் சந்தோஷப்பட்டோமா என்று நினைத்தாள். 'டக்' என்று சத்தம் கேட்டது.

"எவ்வளவு?"

"எழுபத்திரண்டு" என்றாள்.

ஜெயசிங் அவளைப் பார்த்தார். "என்னது?"

"எழுபத்திரண்டு."

"காலையில முப்பத்தாறு. டாக்டர் வீட்டுல முப்பத்தாறு. இப்போ எழுபத்திரண்டா? திரும்ப எண்ணு."

திரும்ப எண்ணினாள். கண்ணை அவர் முகத்துக்குக் கொண்டுபோகாமல், "எழுபத்திரண்டுதான்" என்றாள்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. முதுகு வளைந்தது. ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடின மாதிரி ஆனார். ஞானபாய் அதைப் பார்த்தாள். ஆனாலும், ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

"மூணு நாள்" என்றார் ஜெயசிங் மெதுவாக. "மூணே மூணு நாள் உக்காந்தேன். பத்தொன்பது வருஷம் ஓடினது மூணு நாள்ல போயிருச்சா?"

அவள் கை இன்னும் அவர் மணிக்கட்டிலேயே இருந்தது.

"விழுந்தேன்னு ரெஸ்ட் எடுத்தது தப்பு. உங்க பேச்சைக் கேட்டது தப்பு. எங்க அண்ணனும் உக்காந்துதான் கெட்டான்." புது ஷூவை எடுத்துக் காலை உள்ளே விட்டார். வீங்கின பாதம் ஏறவில்லை. நாடாவைத் தளர்த்தி, அழுத்தித் திணித்தார். "ரோச் பார்க் போதாது. ஹார்பர் வரைக்கும் போய்ட்டுத் திரும்புதேன். இன்னைக்கும் நாளைக்கும் ஓடுனா ஞாயித்துக்கிழமைக்குள்ள கொஞ்சமாவது இறக்கிரலாம்."

ஞானபாய்க்கு அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. ஓட்டத்தை நிறுத்தச் சொன்ன பொய், அவரை ஹார்பருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

"இருங்க" என்று காலைப் பிடித்தாள். "பொய் சொன்னேன். எழுபத்திரண்டு இல்ல. முப்பத்தாறு."

"என்ன சொல்லுத நீ?"

"முப்பத்தாறுதான் இருந்துச்சு. ரெண்டு தடவையும் முப்பத்தாறு. நீங்க ஓடக் கூடாதுன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

ஜெயசிங் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சிரித்தார், வாய்விட்டு, பல் எல்லாம் தெரிய. "அடி சண்டாளி. உசிரே போயிட்டு வந்துச்சு. முப்பத்தாறா? அப்பம் நல்லாத்தான இருக்கேன்." நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். "அப்படியே போய்ட்டு வந்துருதேன். காபி போட்டு வை."

எழுந்துவிட்டார். எழுபத்திரண்டு என்றாலும் ஓடுவார், முப்பத்தாறு என்றாலும் ஓடுவார். எந்த எண்ணைச் சொன்னாலும் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும். ஞானபாயிடம் வேறு எண் இல்லை. அவள் ஓடிப்போய் வாசல் நிலைக்கு நடுவில் நின்றாள்.

சத்தியம், டாக்டர் சொன்னது, பொன்னுதுரை, எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் சொன்னாள். படி ஏறியும் நாடி ஏறாதது எதனால் என்று சொன்னாள். திங்கட்கிழமை விழுந்தது வெயிலால் இல்லை என்று சொன்னாள். வேலூர், மெஷின், மாசக் கணக்கு, ஒன்றையும் விடவில்லை. அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அது மட்டும் முடியவில்லை.

ஜெயசிங் நடுவில் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். உப்பு லாரி ஒன்று போயிற்று.

"ஜூன் மாசத்துல இருந்தா?" என்றார்.

"ஜூன்ல இருந்து."

"நாம கோயில்ல காணிக்கை போட்டோமே, அது?"

"அதுதான்."

"ஓ" என்றார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். புது ஷூவின் நாடாவை, அவசரமில்லாமல், ஒவ்வொரு துளையாக உருவினார். இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தார். கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சைக் கழற்றி, காலண்டர் தொங்குகிற ஆணியில் மாட்டினார்.

"என்னைத் திட்டுங்க. எதாவது சொல்லுங்க" என்றாள் ஞானபாய்.

அவர் எழுந்தார். உள் அறைக்குப் போனார். அவள் அங்கேயே நின்றாள். கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. காபியாவது போடுவோம் என்று அடுப்படிக்குப் போனாள், பாலை அடுப்பில் வைத்தாள், வைத்த பாலை மறந்துவிட்டுத் திரும்பி வந்து, நிலைப்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலி மேல் சட்டை மடித்து வைத்திருந்தது. காலர் மேலே வர, கைகள் இரண்டும் உள்ளே போக, நறுவிசாக மடித்திருந்தது.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஜெபசெல்வி ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தாள். பகல் முழுக்கக் காத்திருந்து லைன் கிடைத்திருக்கிறது. வேர்த்து வழிந்த முகத்தில் வெளிச்சம்.

"அம்மா, இன்பமணிட்ட பேசிட்டேன். அவ பெரிய டாக்டரையே கேட்டுட்டா. ஒருத்தருக்குன்னு வந்த மெஷின், அந்த ஆளு வரல, இறந்துட்டாராம். செவ்வாய்க்கிழமைக்குள்ள கொண்டுட்டு வந்தா நம்ம அப்பாவுக்கு வைப்பாங்க. நாளைக்கே ரயிலேறிரலாம். நடக்க வைக்காம, படுக்க வச்சே கொண்டு போயிரலாம். அவரு மட்டும் சரின்னு எந்திரிச்சு வந்தாப் போதும்மா." மூச்சு வாங்கினாள். "அப்பா எங்க? ஓடப் போகலல்லா? நீ சொல்லலல்லா?"

  ஞானபாய் மகளின் கையைப் பிடித்து அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பா" என்று கூப்பிட்டாள் ஜெபசெல்வி.

கட்டிலில் ஜெயசிங் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் திரும்பவில்லை.